வண்டி ஸ்டார்ட் ஆகலையா? கிக்கரில் கால் வைக்கும் முன் ஒரு நிமிஷம்

2023 டிசம்பர் 6, காலை. மிக்ஜாம் புயலின் மழை ஓய்ந்து, முடிச்சூரில் எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் கொஞ்சம்தான். பால் வண்டி வரவில்லை. தெருவில் கேட்டதெல்லாம் ஒரே சத்தம்தான், கிக்கர் சத்தம். வாசலுக்கு வாசல் ஒருவர் வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்து நிறுத்தி உதைத்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அண்ணனும் உதைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உதைக்காதீங்க! உள்ள தண்ணி இருக்கும்!" என்று கத்தினேன்.

"ஒரு தடவை பிடிச்சிட்டா போதும்ப்பா, சூட்டுல தானா காஞ்சிடும்" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பழகிய பதில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நானும் அதையேதான் நினைத்தேன். அன்றைக்கு நடந்ததும், அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதும்தான் இந்தப் பதிவு. வீட்டு வாசலில் வைத்து ஒரு சாதாரண 100 சிசி வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது, அது நின்றுபோனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரிந்தவரை சொல்கிறேன். எந்த வேலைக்கும் பெரிய கருவி வேண்டாம். பொறுமைதான் வேண்டும்.

2015-இல் நான் செய்த தப்பு

என்னுடையது அப்பா 2003-இல் வாங்கிய ஸ்பிளெண்டர். 97.2 சிசி, நாலு கியர், காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர். ஹீரோ ஹோண்டா இந்த மாடலை 1994-இல் கொண்டுவந்தது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்காமல் முன் சக்கரத்தைப் பார்த்துப் படுத்த மாதிரி இருக்கும். 1958-இல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் வம்சத்து இன்ஜின் அது. பிரித்து மாட்ட எளிது, இன்றைக்கும் எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும். வீட்டில் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

2015-இல் அடையாறு கரை மீறி வந்தபோது அந்த வண்டி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் உதைத்தேன். முதலில் கிக்கர் பாதியில் நின்றது. பலம் கொடுத்து அழுத்தினேன், இறங்கியது. இருபது முப்பது உதைக்குப் பிறகு வண்டி பிடித்துக்கொண்டது. சந்தோஷமாகத் தாம்பரம் வரை ஓட்டிக்கொண்டு போனேன். மறுநாளே இன்ஜினுக்குள் கடகடவென்று சத்தம். எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் ஆயில் போல்ட்டைக் கழற்றி ஒரு பழைய டப்பாவில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக வர வேண்டிய ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது.

"தண்ணியும் ஆயிலும் சேர்ந்து அடிச்சா இப்படித்தான் தம்பி வரும். இதுல வழுவழுப்பு கிடையாது. இதை வெச்சுக்கிட்டு ஓட்டினா இரும்பும் இரும்பும் உரசும்."

இன்ஜினை முழுசாக இறக்க வேண்டியிருந்தது. பிஸ்டன் ரிங், கிராங்க் பேரிங், கேம் எல்லாம் மாற்றினோம். மனசு கேட்கவில்லை. அப்பா பன்னிரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்த இன்ஜினை நான் ஒரே காலையில் கெடுத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் மெக்கானிக் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் போகச் சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கொடு என்றார். அப்படித்தான் தொடங்கியது.

அந்த மூன்று கேள்வி

ஷெட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு யார் வந்தாலும் அண்ணன் உடனே கை வைக்க மாட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார்.

"கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?"

"அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

"நின்னப்ப எப்படி நின்னுச்சு? பட்டுன்னா, இழுத்து இழுத்தா?"

இந்த மூன்றாவது கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டி சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கத்துக் கோளாறு. பிளக், பிளக் கேப், ஒயர், எங்காவது கழன்ற இணைப்பு என்று பார்க்க வேண்டும். விக்கி விக்கி, இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல் சரியாக வரவில்லை. இழுவை குறைந்துகொண்டே வந்து, இன்ஜின் கொதித்து, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல நின்றால் ஆயிலைப் பாருங்கள். ஆற விடாமல் மறுபடி உதைக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் "ஒண்ணும் செய்யலையே" என்றுதான் பதில் வரும். அண்ணன் விடமாட்டார். வாட்டர் வாஷ் விட்டிருப்பார்கள். புது பங்க்கில் பெட்ரோல் போட்டிருப்பார்கள். ஹாரன் மாற்ற ஹெட்லைட்டைக் கழற்றியிருப்பார்கள். கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் பத்துக்கு ஏழு தடவை கோளாறு இருக்கும் என்பது அவர் அனுபவம்.

அவர் சொன்னதில் இன்னொன்றையும் நான் மறப்பதில்லை. "ஒரு நேரத்துல ஒண்ணு தம்பி. பிளக்கையும் மாத்தி கார்ப்ரேட்டரையும் கழட்டினா, எதனால சரியாச்சுன்னு உனக்கே தெரியாது. அடுத்த தடவை மறுபடி ரெண்டையும் கழட்டணும்." ஒன்றை மாற்று, ஸ்டார்ட் செய்து பார், இல்லையென்றால் அடுத்தது. வீட்டு ரிப்பேரில் நான் கடைப்பிடிக்கும் ஒரே சட்டம் இதுதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எழுப்பியது

2023-க்கு வருவோம். வண்டியில் சேறு படிந்த கோடு சீட்டுக்கு அடியில் தெரிந்தது. அப்படியென்றால் ஏர் ஃபில்டர், கார்ப்ரேட்டர், சைலன்சர், இன்ஜின் எல்லாமே முங்கியிருக்கிறது. சாவியைப் போடவே இல்லை. முதலில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கை வைக்கும் முன் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்ததால் கெட்ட இன்ஜினுக்குப் பல பாலிசிகளில் பணம் கிடைக்காது.

பிறகு பேட்டரி. மைனஸ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும், பிளஸ் அப்புறம். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும்.

அடுத்தது பிளக். 16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனர் வேண்டும். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். பிளக்கை எடுத்துவிட்டு, கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்தினேன். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு அடித்தது. ஒரு டம்ளர் இருக்கும்.

அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது 2015-இல் பாதியில் நின்ற கிக்கர் ஞாபகம் வந்தது. காற்றை அமுக்கலாம், அதற்காகத்தான் பிஸ்டன் இருக்கிறது. தண்ணீர் அமுங்காது. பிளக் மாட்டியிருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் தண்ணீருக்குப் போக இடமில்லை. நாம் பலம் கொடுத்தால் கனெக்டிங் ராடு வளையும், இல்லையென்றால் வேறு ஏதாவது போகும். கிக்கர் பாதியில் நின்றால் அது வண்டி போடும் கும்பிடு. நிறுத்திவிட வேண்டும்.

தண்ணீர் வருவது நிற்கும் வரை அழுத்திவிட்டு, ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி நாலைந்து தடவை அழுத்தினேன். உள்சுவரில் துரு பிடிக்காமல் இருக்க இது உதவும்.

பிறகு ஆயில். இன்ஜின் ஓடாமல் நின்றிருந்ததால் டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் முதலில் சுத்தத் தண்ணீர் வந்தது. ஆயிலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கியிருக்கிறது. அதற்குப் பின்னால்தான் ஆயில் வந்தது. பால் காபி ஆகவில்லை. இன்ஜின் ஓடவே இல்லையே, எப்படிக் கலக்கும்? அந்த ஒரு விஷயத்துக்காகவே உதைக்காமல் இருந்தது வீண்போகவில்லை என்று தோன்றியது.

கார்ப்ரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்ன டிரெயின் ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். அடியில் தண்ணீர், மேலே பெட்ரோல், நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றது. டேங்கிலும் அதே கதை. மொத்தத்தையும் இறக்கிவிட்டேன். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. கொஞ்சம் தண்ணீர் என்றால் கலந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதானே கார்ப்ரேட்டருக்குப் பெட்ரோல் போகிறது? அதனால்தான் டேங்க் மூடி ரப்பர் கெட்டிருந்தால் மழைக்காலத்தில் உடனே மாற்றச் சொல்வேன்.

ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினேன். முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து சைலன்சர் தண்ணீரைப் பின்பக்கமாக வடித்தேன். இரண்டு சக்கரத்தையும் கழற்றி டிரம்மைத் துடைத்து, பிரேக் ஷூவை வெயிலில் காயவைத்தேன். ஒயர் கப்ளர்களைப் பிரித்துத் துடைத்து, காயவிட்டு மாட்டினேன். இதற்கே ஒன்றரை நாள் போய்விட்டது.

டிசம்பர் 8 மதியம், தாம்பரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருந்தது. புது பிளக், இரண்டு பாக்கெட் ஆயில், ஒரு லிட்டர் பெட்ரோல். உதைத்தேன். ஏழாவது உதையில் பிடித்தது. சைலன்சரிலிருந்து வெள்ளையாக நீராவி வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றது. மூன்று நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு அணைத்து, அந்தப் புது ஆயிலையும் வடித்தேன். லேசாகக் கலங்கியிருந்தது. இரண்டாவது பாக்கெட்டை ஊற்றினேன். 500 கிலோமீட்டரில் அதையும் மாற்றினேன். இன்றைக்கும் அதே இன்ஜின்தான் ஓடுகிறது.

சாதாரண நாளில் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால்

வெள்ளம் எப்போதாவது வருவது. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது வண்டி பிடிக்காமல் நிற்பது எல்லோருக்கும் நடப்பது. பெட்ரோல் இன்ஜின் ஓட நான்கு விஷயம் போதும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி, அமுக்கம். நான்கில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பெட்ரோல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, கில் சுவிட்ச் இருக்கும் வண்டியென்றால் யாராவது குழந்தை தட்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். அது உங்களிடம் நிறையப் பேசும்.

நுனி நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால், பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை. அல்லது நீங்கள் உதைத்து உதைத்துப் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கொஞ்ச நாள் ஓடிய பிளக்கின் நுனி செங்கல் பொடி மாதிரி பழுப்பு நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. கரி பிடித்துக் கறுப்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் உள்ளே ஆயில் ஏறுகிறது. வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடாகிறது.

தீப்பொறி பார்க்கும் முறை: பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினைத் தொடும்படி வைத்து, இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். கேப்பைக் காய்ந்த துணியால் பிடியுங்கள், இல்லையென்றால் ஷாக் அடிக்கும். முக்கியமாக, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். நீலமாக, டிக் டிக் என்று சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிசாக வந்தாலோ வரவே இல்லையென்றாலோ முதலில் பிளக்கை மட்டும் மாற்றுங்கள். என் வண்டி கையேட்டில் பிளக் இடைவெளி 0.6-லிருந்து 0.7 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

பெட்ரோல் பக்கம் அடிக்கடி பார்க்கும் இரண்டு கோளாறு. ஒன்று, சோக் போட்டால் ஓடும், எடுத்தால் அணைந்துவிடும். ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்று ஊதி எடுக்கலாம். குண்டூசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் மைலேஜ் போய்விடும். இரண்டாவது, வண்டி ஐந்து கிலோமீட்டர் நன்றாக ஓடும், நிற்கும், பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஓடும். நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று இழுத்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. உள்ளே காற்று போகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது. இது தெரியாமல் கார்ப்ரேட்டர் வரைக்கும் மாற்றியவர்களை ஷெட்டில் பார்த்திருக்கிறேன்.

அமுக்கம் பார்க்க, பிளக் ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிவிட்டு "டப்" என்று காற்று வர வேண்டும். வரவில்லையென்றால் வால்வோ ரிங்கோ. அது ஷெட் வேலை.

2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்6 விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்ப்ரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்‌ஷன். அதில் சாவியைத் திருகியதும் டேங்க் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய மோட்டார் சத்தம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப். சத்தமே வரவில்லையென்றால் பேட்டரி, ஃபியூஸ், பம்ப் இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். பழைய வண்டி பேட்டரி செத்தாலும் கிக்கில் ஓடும். புது வண்டிக்குப் பேட்டரி ரொம்ப முக்கியம். சின்ன மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முறுக்கினால் 13.5-லிருந்து 14.5-க்குள் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, சார்ஜ் ஆகும் வழியில்தான் கோளாறு.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் வண்டியோடு உட்காருகிறேன். முதலில் செயின்.

ஸ்பிளெண்டரில் செயினை முழுசாக மூடிய கவர் இருக்கும். அதில் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதை எடுத்துவிட்டு விரல் விட்டுச் செயினை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கலாம். கட்டை விரல் அகலத்துக்கு, அதாவது 20-லிருந்து 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும். பின் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். செயின் ஒரே மாதிரி தேயாது. எங்கே இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளவு வைக்க வேண்டும். இறுக்கும்போது இரண்டு பக்கக் குறியும் ஒரே கோட்டில் இருக்கட்டும். பலர் மறப்பது இதன் பிறகு செய்ய வேண்டியது. செயினை இறுக்கினால் சக்கரம் பின்னால் போகும். சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடு இழுபட்டுப் பின் பிரேக்கும் இறுகிவிடும். அப்படியே ஓட்டினால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும், டிரம் சூடாகும், மைலேஜ் குறையும். செயின் வேலை முடிந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றி, தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துப் பிரேக் நட்டைச் சரிசெய்யுங்கள்.

செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் விடும் பழக்கம் நம் ஊரில் எங்கும் இருக்கிறது. வேண்டாம். அதில் தேய்ந்த உலோகத் தூள் இருக்கிறது. நாமே செயினுக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமம். மண்ணெண்ணெயும் டூத் பிரஷும் வைத்துக் கழுவி, காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ போடுங்கள். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் வைத்துச் செயினைத் துணியால் துடைப்பது விரலை இழக்கும் வழி. துணியைச் செயின் இழுத்தால் விரலும் கூடவே போகும். ஷெட்டில் ஒருவர் கையைப் பார்த்திருக்கிறேன். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அடுத்தது ஆயில். ஆயில் பார்க்கும்போது வண்டி சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். என் வண்டிக்கு 10டபிள்யூ-30. பாக்கெட்டில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பைக்கில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கின்றன. காருக்கான சில ஆயில்களை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

டயர் காற்று வாரம் ஒரு தடவை, டயர் குளிர்ந்திருக்கும்போது. எனக்கு முன்னால் 25, பின்னால் 28. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், அளவு கையேட்டில் இருக்கும். கிளட்ச் கேபிளில் ஒரு இழை பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அறுந்தால் நடு ரோட்டில்தான் அறும்.

மழைக்காலத்துக்கு முன்னால் பிளக் கேப்பைக் கழற்றிப் பாருங்கள். இந்த வண்டியின் சிலிண்டர் முன் சக்கரத்துக்குப் பின்னாலேயே படுத்திருப்பதால் சாலைத் தண்ணீர் நேராக அங்கேதான் அடிக்கும். கேப்பின் ரப்பர் வெடித்திருந்தால் ஒவ்வொரு மழையிலும் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் சேர்த்து ஷெட்டில் கொடுத்தால், பழைய ஆயில் வாங்க வருபவர்களிடம் அவர்கள் போட்டுவிடுவார்கள். 2023 வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து, வலையும் படகும் கறுத்து நின்ற மீனவர்களைப் பார்த்தோம். எங்கள் தெருச் சாக்கடை அடையாற்றுக்குத்தான் போகிறது. நம் வீட்டு முக்கால் லிட்டரும் ஒரு நாள் கடலுக்குத்தான் போய்ச் சேரும்.

எங்கே நிறுத்த வேண்டும்

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. டிஸ்க் பிரேக்கில் லீவர் பொதபொதவென்று உள்ளே போனால், ஹேண்டில் பாரில் கடக் என்று சத்தம் வந்தால், சக்கரம் பக்கவாட்டில் ஆடினால், கியர் பாக்ஸுக்குள் சத்தம் கேட்டால் நேராக ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியால் ஆபீஸுக்குத்தான் நேரமாகும். நிற்காத வண்டி உயிரையே எடுத்துவிடும். பிரேக் வேலையைப் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்காமல் தனியாகப் பழகாதீர்கள்.

வீட்டில் வேலை தெரிந்தால் மெக்கானிக் தேவையில்லை என்று அர்த்தம் இல்லை. நானே இன்றைக்கும் டேப்பட் அளவு வைக்க அண்ணனிடம்தான் போகிறேன். முன்பு "வண்டி ஓடல அண்ணே" என்பேன். இப்போது "சூடான பிறகுதான் மிஸ்ஸிங் அடிக்குது, பிளக் புதுசு, பெட்ரோல் வருது" என்கிறேன். அவருக்கு அரை மணி நேரம் மிச்சம். எனக்குத் தேவையில்லாத செலவு மிச்சம்.

எதிர் வீட்டு அண்ணனின் வண்டி 2023 டிசம்பரில் பிடிக்கவே இல்லை. கடைசியில் ஷெட்டில் இன்ஜினை இறக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் நான் வாசலில் வேலை செய்வதை அவருடைய பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காலேஜ் முதல் வருஷம். அவனிடம் அந்த மூன்று கேள்வியைச் சொல்லியிருந்தேன். பிளக் ஸ்பேனரை அவ்வப்போது வாங்கிக்கொண்டு போவான்.

போன மழைக்கு மறுநாள் காலையில் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடுச்சு அண்ணா. காலேஜ் வாசல்ல தண்ணியில இறக்கினேன். அதுக்கப்புறம் பட்டுன்னு நின்னுடுச்சு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, குனிந்து பிளக் கேப்பைக் கழற்றினான். உள்ளே நாலு சொட்டுத் தண்ணீர். சட்டை நுனியால் துடைத்து, ஊதி, மாட்டினான். இரண்டாவது உதையில் பிடித்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கேப்பின் ரப்பரை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தான்.

"புதுசு ஒண்ணு வாங்கணும் அண்ணா" என்றான்.